விசா ஐந்து வருடம், முத்திரை ஆறு மாதம்: வாசகர் கேள்வி – பதில்

வெளிநாட்டில் குடியிருந்துகொண்டு இணையம் வழியாக வேலை பார்ப்பவர்களின் விசா சந்தேகங்களைப் போன இதழில் கேட்டிருந்தோம். பதில் சொல்பவர் கோபிசெட்டிபாளையத்துக்காரர். தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் கணவர், மகளோடு இருந்தபடி ஐரோப்பிய நிறுவனம் ஒன்றின் சம்பளக் கணக்கைக் கவனிக்கிறார்.

*

சென்னை ஐ.டி. கம்பெனி ஒன்றில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. முழுக்க வீட்டிலிருந்துதான். "தாய்லாந்துக்கு விசாவே வேண்டாம், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வெளியே போய்த் திரும்பி வந்தால் போதும், கம்பெனிக்கும் தெரிய வேண்டியதில்லை" என்கிறான் நண்பன். செய்யலாமா? – வாசகர், கோவை

வேண்டாம், தம்பி. இந்தியர்களுக்கு விசா இல்லாமல் கிடைக்கும் நுழைவு சுற்றுலாவுக்கானது. அதன் நாள் கணக்கை அரசு நினைத்தபோது மாற்றும். திரும்பத் திரும்ப வந்து போகிறவரை விமான நிலைய அதிகாரி நிறுத்திக் கேள்வி கேட்கிறார், திருப்பியும் அனுப்புகிறார். வாடகைக்கு வீடு எடுத்து, முன்பணமும் கொடுத்துவிட்டு, இந்தத் தடவை உள்ளே விடுவார்களா என்று வரிசையில் நின்று தவிக்கும் வாழ்க்கை யாருக்கும் வர வேண்டாம்.

உங்களைப் போன்றவர்களுக்கென்றே 2024 ஜூலை 15 முதல் ஒரு விசா வந்திருக்கிறது. 'டெஸ்டினேஷன் தாய்லாந்து விசா', சுருக்கமாக டி.டி.வி. ஐந்து வருடம் செல்லும், எத்தனை முறையும் போய் வரலாம், ஒவ்வொரு நுழைவுக்கும் 180 நாள் வரை தங்கலாம். வயது 20 நிறைந்திருக்க வேண்டும். கட்டணம் 10,000 பாட். ஊருக்கு ஊர் தூதரகங்கள் வசூலிக்கும் தொகையில் வித்தியாசம் உண்டு. உங்கள் பெயரில் 5 லட்சம் பாட் இருப்பதைக் காட்ட வேண்டும். நம் பணத்தில் ஏறக்குறைய 13 முதல் 15 லட்சம் ரூபாய். சில தூதரகங்கள் மூன்று மாத வங்கி ஸ்டேட்மென்ட் கேட்கின்றன, சில ஆறு மாதம் கேட்கின்றன. மாமாவிடம் கைமாற்று வாங்கிப் போன வாரம் போட்ட பணம் ஸ்டேட்மென்டில் அப்படியே பளிச்சென்று தெரியும், ஜாக்கிரதை. விண்ணப்பம் முழுவதும் ஆன்லைனில்தான். தமிழ்நாட்டில் குடியிருப்பவர்களின் விண்ணப்பம் சென்னையில் உள்ள தாய்லாந்து துணைத் தூதரகத்துக்குப் போகும். விண்ணப்பிக்கும்போது நீங்கள் தாய்லாந்துக்குள் இருக்கக் கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியம் கம்பெனிக் கடிதம். 'இவர் எங்கள் ஊழியர், இவ்வளவு சம்பளம், இந்தியாவுக்கு வெளியே இருந்து வேலை செய்ய அனுமதிக்கிறோம்' என்று தெளிவாக, லெட்டர்ஹெட்டில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். இதனால்தான் கம்பெனிக்குத் தெரியாமல் போகும் பேச்சுக்கே இடமில்லை என்கிறேன். வீட்டிலிருந்து வேலை என்று உங்கள் நியமனக் கடிதத்தில் எழுதியிருந்தால் அது பெரும்பாலும் இந்தியாவுக்குள் உள்ள வீடுதான். ஊழியர் ஒருவர் வேறு நாட்டில் மாதக்கணக்கில் உட்கார்ந்து வேலை பார்த்தால், கம்பெனியே அங்கே தொழில் நடத்துகிறது என்று அந்த நாட்டு வரித்துறை சொல்ல இடமுண்டு. வாடிக்கையாளரின் தரவு நாடு தாண்டக் கூடாது என்ற ஒப்பந்தமும் இருக்கும். சம்பளக் கணக்கு பார்க்கிறவள் என்பதால் சொல்கிறேன்: ஊழியர் எந்த நாட்டிலிருந்து லாகின் செய்கிறார் என்பது அலுவலகத்துக்குத் தெரியும். மனிதவளத் துறையிடம் எழுத்தில் கேளுங்கள். மறுத்தால், அனுமதி தரும் வேறு வேலை கிடைக்கும்வரை காத்திருங்கள். தெரியாமல் போய் இருக்கும் வேலையை இழந்தால் விசாவுக்கான காரணமும் போய்விடும்.

இன்னொன்று. டி.டி.வி. வைத்துக்கொண்டு தாய்லாந்து கம்பெனிக்கோ, அங்கே உள்ள கடைக்கோ ஒரு மணி நேரம்கூட வேலை செய்யக் கூடாது. சம்பளம் தருபவர் வெளிநாட்டில் இருக்க வேண்டும்.

*

கணவருக்கு டி.டி.வி. கிடைத்துவிட்டது. ஐந்து வருடத்துக்கு விசா இருக்கிறதே, இனி ஊர்ப்பக்கம் வராமலே இருந்துவிடலாம்தானே? – வாசகி, ஈரோடு

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான், சகோதரி. விசாவில் உள்ள தேதி, எதுவரை நாட்டுக்குள் நுழையலாம் என்பதற்கானது. நுழைந்த பிறகு எதுவரை தங்கலாம் என்பதைச் சொல்வது இமிகிரேஷன் அதிகாரி கடவுச்சீட்டில் குத்தும் முத்திரை. இரண்டும் தனித்தனித் தேதிகள். உங்கள் கணவர் ஜூன் 1 அன்று இறங்கினால், இறங்கிய நாளையும் சேர்த்து 180 எண்ணி, முத்திரையில் நவம்பர் 27 என்று இருக்கும். விசா 2031 வரை இருந்தாலும் நவம்பர் 28 அன்று அவர் அனுமதியின்றித் தங்கியவர்தான். நாளொன்றுக்கு 500 பாட் அபராதம், உச்சவரம்பு 20,000 பாட். 90 நாளைத் தாண்டினால், தானாகப் போய் ஒப்புக்கொண்டாலும் ஒரு வருடம் தாய்லாந்துக்குள் வரத் தடை. இடையில் போலீஸ் பிடித்தால் தடை இன்னும் நீளும்.

அதனால் கவுண்டரை விட்டு நகருமுன் முத்திரையைப் பாருங்கள். அவசரத்தில் அதிகாரி சுற்றுலாக்காரருக்குரிய தேதியைக் குத்திவிடுவது நடக்கிறது. அங்கேயே நின்று டி.டி.வி. தாளைக் காட்டினால் அப்போதே திருத்திக் கொடுப்பார்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் இமிகிரேஷன் அலுவலகத்துக்கு அலைய வேண்டும். எங்கள் வீட்டில் மூன்று கடவுச்சீட்டையும் அங்கேயே விரித்துப் பார்த்துவிட்டுத்தான் பெட்டி எடுக்கப் போவோம். பின்னால் இருப்பவர்கள் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

180 நாள் முடியுமுன் இரண்டு வழி உண்டு. உள்ளூர் இமிகிரேஷனில் 1,900 பாட் கட்டி ஒருமுறை நீட்டிப்பு கேட்கலாம். விதியில் இன்னொரு 180 நாள் வரை என்று இருக்கிறது. ஆனால் அது அதிகாரியின் விருப்பம், கேட்கும் ஆவணங்களும் அலுவலகத்துக்கு அலுவலகம் மாறும். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். நாட்டை விட்டு வெளியே போய்த் திரும்பி வருவதுதான் சுலபம். திரும்பியதும் புதிதாக 180 நாள். சியாங் மாயில் இருப்பவர்கள் பஸ் பிடித்துச் சியாங் கோங் போய், மீகாங் ஆற்றுப் பாலம் தாண்டி லாவோஸ் போய் வருவது வழக்கம். நமக்கு லாவோஸ் விசாவும் வேண்டும், அதை மறக்கக் கூடாது.

நான் இதை வேறு மாதிரி அமைத்துக்கொண்டிருக்கிறேன். பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை சியாங் மாயில் வயலும் காடும் எரிகிற புகை. எதிரே இருக்கும் தோய் சுதேப் மலையே கண்ணுக்குத் தெரியாது. சின்னப் பிள்ளைகளுக்கும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் அந்தக் காற்று ஆகாது. எங்கள் 180 நாள் அந்தப் புகை தொடங்கும் நேரத்தில் முடியும்படி பார்த்துக்கொள்கிறோம். மகள் பாட்டி வீட்டில் இருப்பாள், நுங்கும் பதநீரும் கிடைக்கும். நாங்கள் திரும்பும்போது மழை வந்திருக்கும்.

இரண்டு சின்ன வேலைகள் உண்டு. புது வீட்டுக்குப் போனதும் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் டி.எம்.30 என்ற தகவலை இமிகிரேஷனுக்குத் தர வேண்டும். வாடகை ஒப்பந்தம் போடுமுன்பே 'இதைச் செய்வீர்களா' என்று கேளுங்கள். மழுப்பினால் அந்த வீடு வேண்டாம். அவர் செய்யாமல் விட்டால், அலுவலகத்தில் பதில் சொல்லப் போவது நீங்கள்தான். அடுத்தது, தொடர்ந்து 90 நாள் இருந்தால் முகவரி அறிக்கை. 90ஆம் நாளுக்கு 15 நாள் முன்பிருந்து 7 நாள் பின்வரை தரலாம். முதல் தடவை நேரில், பிறகு ஆன்லைனில். தவறினால் 2,000 பாட். 2025 மே 1 முதல் நாட்டுக்குள் வருமுன் மூன்று நாளுக்குள் ஆன்லைனில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கும் இணையதளம் எதுவும் அரசினுடையது அல்ல.

*

என் கல்யாணச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் இனிஷியல் மட்டும். கடவுச்சீட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கிறது. கணவரோடு துணை விசாவுக்கு விண்ணப்பிக்கப் பயமாக இருக்கிறது. – வாசகி, தென்காசி

பயம் நியாயமானது. நம் ஊர்க்காரர்கள் அத்தனை பேருக்கும் உள்ள சிக்கல். குடும்பப் பெயர் வைக்கும் பழக்கம் நமக்கில்லை, விண்ணப்பப் படிவங்களோ அது இருந்தே ஆக வேண்டும் என்கின்றன. பள்ளிச் சான்றிதழில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, வங்கியில் இன்னொரு மாதிரி. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள இந்தியக் கடவுச்சீட்டுக்குச் சுற்றுலா விசா இல்லை என்று சொன்னபோது எத்தனை தமிழ்க் குடும்பங்கள் தவித்தன என்பது உங்களுக்கும் நினைவிருக்கும்.

எல்லா ஆவணமும் கடவுச்சீட்டில் உள்ள எழுத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்பதை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வங்கிக் கணக்கின் பெயரை மாற்றுங்கள், அது சுலபம். கணவரின் கம்பெனிக் கடிதத்திலும் கடவுச்சீட்டுப் பெயரையே போடச் சொல்லுங்கள். கடவுச்சீட்டு மறுவெளியீட்டுக்கு வரும்போது, கடைசிப் பக்கத்தில் துணைவர் பெயரைச் சேர்த்துவிடுங்கள். உங்களுக்கும் அவருக்கும் உள்ள உறவை அந்த ஒரு பக்கமே பாதி நிரூபித்துவிடும். கல்யாணச் சான்றிதழைத் திருத்த முடியாவிட்டால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற உறுதிமொழிப் பத்திரத்தை நோட்டரி முன்னிலையில் எடுத்து இணையுங்கள். சான்றிதழுக்கு மாநில அரசின் சான்றொப்பமும், பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்பமும் கேட்கப்படலாம். போர்ச்சுகல், ஸ்பெயின் என்றால் அமைச்சகம் தரும் 'அப்போஸ்டில்' என்ற சர்வதேசச் சான்றொப்பம் போதும். இதற்கெல்லாம் வாரக்கணக்கில் ஆகும். டிக்கெட் போட்ட பிறகு தொடங்காதீர்கள்.

துணை விசா உங்களுக்குத் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம். பிள்ளைகள் 20 வயதுக்குட்பட்டிருந்தால் அவர்களுக்கும் அப்படியே.

*

ஃப்ரீலான்ஸ் டிசைனர் நான், வாடிக்கையாளர்கள் அமெரிக்காவில். ஆறு மாதம் தாய்லாந்து, ஆறு மாதம் சென்னை என்று இருந்தால் எந்த நாட்டுக்கும் வரி கட்ட வேண்டாம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். உண்மையா? – வாசகர், சென்னை

இல்லவே இல்லை. அந்த வீடியோவை நம்பி யாராவது ரிட்டர்ன் போடாமல் இருந்தால் எனக்கு மனசு கேட்காது.

விசா ஒரு கணக்கு, வரி வேறொரு கணக்கு. தாய்லாந்தின் வரி ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர். அதற்குள் 180 நாளோ அதற்கு மேலோ அங்கே இருந்தால் நீங்கள் வரிக்கு ரெசிடென்ட், அதாவது அந்நாட்டில் குடியிருப்பவர். 2024 ஜனவரி 1 முதல், ரெசிடென்டாக இருக்கும்போது வெளிநாட்டில் சம்பாதித்த பணத்தை அங்கே கொண்டுவந்தால் அது வரிக்கு உட்பட்டது. முதல் 1,50,000 பாட் வருமானத்துக்கு வரி இல்லை, அதன்பின் 5 சதவீதத்தில் தொடங்கி 35 வரை ஏறும். 2024க்கு முன் சம்பாதித்த சேமிப்புக்கு இது பொருந்தாது. அதனால் 2023 டிசம்பர் 31 அன்று கணக்கில் எவ்வளவு இருந்தது என்று காட்டும் ஸ்டேட்மென்டைப் பத்திரமாக வையுங்கள்.

நம் நாட்டில் ஏப்ரல் முதல் மார்ச். அதற்குள் 182 நாள் இந்தியாவில் இருந்துவிட்டால் இந்திய ரெசிடென்ட், உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் இங்கே வரி. நீங்கள் செப்டம்பர் 15 அன்று போய், மார்ச் 13 அன்று திரும்புவதாக வைத்துக்கொள்வோம். தாய்லாந்தின் கணக்கில் அந்த 180 நாளும் இரண்டு ஆண்டுகளாகப் பிரிந்துவிடும், முதல் ஆண்டில் 108, அடுத்ததில் 72. வேறு பயணம் இல்லையென்றால் அங்கே ரெசிடென்ட் ஆக மாட்டீர்கள். இந்தியக் கணக்கிலோ மிச்சம் 185 நாள் இங்கே இருந்திருப்பீர்கள். ஆக, முழு வரியும் இந்தியாவில். இது நல்லதுதான்: ஒரே நாடு, ஒரே ரிட்டர்ன், குழப்பம் இல்லை.

என்.ஆர்.ஐ. ஆகிவிட்டாலும் ஒன்றைக் கவனியுங்கள். வேலை செய்த இடம் சியாங் மாய் என்றாலும், அமெரிக்கப் பணம் முதலில் வந்து விழுவது மயிலாப்பூர் வங்கிக் கணக்கு என்றால், அது இந்தியாவில் பெறப்பட்ட வருமானம், வரி கேட்பார்கள். இந்தியாவிலிருந்து வரும் வருமானம் 15 லட்சத்தைத் தாண்டி, வேறெந்த நாட்டிலும் வரிக்கு உட்படாத இந்தியக் குடிமகனை ரெசிடென்டாகவே கருதும் விதியும் இருக்கிறது. இரு நாட்டுக்கும் இடையே இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் உள்ளதால், ஓரிடத்தில் கட்டியதை இன்னோரிடத்தில் கழிக்கலாம். அதற்குக் கட்டிய ரசீது வேண்டும். கிளம்புமுன் ஒரு ஆடிட்டரைப் பாருங்கள். அவர் கேட்கும் கட்டணம் வீண் செலவில்லை.

*

போர்ச்சுகலுக்குச் சுற்றுலா விசாவில் போய், அங்கேயே மாற்றிக்கொள்ளலாமா? ஜப்பானிலும் இப்படி ஒரு விசா இருக்கிறதாமே? – வாசகர், திருச்சி

போர்ச்சுகலில் அந்தக் கதவு 2024 ஜூனில் மூடப்பட்டுவிட்டது. இணையம் வழியாக வேலை பார்ப்பவர்களுக்கான டி8 விசாவுக்கு இந்தியாவிலிருந்தே விண்ணப்பிக்க வேண்டும். அந்நாட்டுக் குறைந்தபட்ச ஊதியத்தின் நான்கு மடங்கு மாத வருமானம் காட்ட வேண்டும். 2025இல் அது 3,480 யூரோ, 2026இல் 3,680. கிடைத்தாலும் மற்ற ஷெங்கன் நாடுகளில் (ஒரே விசாவில் போய் வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) 180 நாளுக்குள் 90 நாள்தான் தங்கலாம்.

ஜப்பான் 2024இல் தொடங்கிய ஆறு மாத விசாவுக்கான நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. யாராவது வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

பிள்ளைகளோடு போகிறவர்கள் இணையம் வழியாக வேலை பார்ப்பவர்களுக்கு மலேசியா விசா தரும் டி ராந்தாவ் திட்டத்தையும் பாருங்கள். கணினித் துறையினருக்கு ஆண்டு வருமானம் 24,000 டாலர் போதும், மற்றத் துறையினருக்கு 60,000 டாலர். கட்டணம் 1,000 ரிங்கிட், குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் 500. ஒரு வருடம் வரை, மேலும் ஒரு வருடம் புதுப்பிக்கலாம். தமிழ்ப்பள்ளிகளும் கோயிலும் இட்லிக் கடையும் உள்ள ஊர். வயதான பெற்றோர் பார்க்க வந்தால் அவர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது.

*

என் மகன் பி.காம். முடித்தவன். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, மாதம் ஒரு லட்சம், தங்க இடம் இலவசம் என்று ஏஜென்ட் சொல்கிறார். முதலில் டூரிஸ்டாகப் போய், பிறகு ஐந்து வருட விசா எடுத்துத் தருவார்களாம். ஊர் பெயர் மே சோட். பாங்காக்கில் கார் வந்து அழைத்துப்போகுமாம். அனுப்பலாமா? – தாய், சிவகங்கை

அம்மா, அனுப்பாதீர்கள். இந்தக் கடிதத்தைப் படித்ததும் ஆசிரியரிடம் உங்கள் எண்ணை வாங்கித் தொலைபேசியில் பேசிவிட்டேன். மற்ற வாசகர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன்.

மே சோட் தாய்லாந்தின் மேற்கு எல்லையில், மோய் ஆற்றங்கரையில் உள்ள ஊர். ஆற்றுக்கு அக்கரையில் மியான்மரின் மியாவாடி. அங்கேதான் இணைய மோசடிக் கும்பல்களின் வளாகங்கள் இருக்கின்றன. டேட்டா என்ட்ரி என்று சொல்லி அழைத்து வந்து, இரவோடு இரவாக ஆற்றைக் கடக்கவைத்து, கடவுச்சீட்டையும் போனையும் பிடுங்கி, உலகமெங்கும் உள்ளவர்களை ஏமாற்றும் வேலையைச் செய்யச் சொல்லி அடித்து வதைக்கிறார்கள். 2025 பிப்ரவரியில் தாய்லாந்து அரசு அந்தப் பகுதிகளுக்கு மின்சாரத்தையும் எரிபொருளையும் நிறுத்தியது. அடுத்த மாதம் மீட்கப்பட்ட 549 இந்தியர்களை நம் விமானப்படை விமானங்கள் இரண்டு நடைகளில் மே சோட்டிலிருந்து அழைத்து வந்தன. படித்த பிள்ளைகள், உங்கள் மகனைப் போன்றவர்கள்.

ஏஜென்ட் சொன்ன வார்த்தையிலேயே பொய் இருக்கிறது. டி.டி.வி. வைத்திருப்பவர் தாய்லாந்தில் உள்ள முதலாளிக்கு வேலை செய்யக் கூடாது. அங்கே உண்மையான வேலை என்றால், கம்பெனியின் பெயரில் நான்-இமிகிரன்ட் பி விசா இந்தியாவிலிருந்தே எடுக்கப்படும், அதன்பின் அந்தக் கம்பெனிக்கென்று வொர்க் பெர்மிட் வரும். டூரிஸ்டாகப் போ, பிறகு மாற்றித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

அந்த ஏஜென்ட் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் இருக்கிறது. அங்கே எழுத்தில் புகார் கொடுக்கலாம். தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத் துறைக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். முன்பணம் கொடுத்திருந்தால் அதன் ரசீது, வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்க வேண்டாம், காவல்துறைக்கு அதுதான் சாட்சி.

உங்கள் பகுதியில் இதே ஏஜென்ட் மூலம் ஏற்கெனவே யாராவது கிளம்பிப் போயிருந்தால், அவர்கள் வீட்டுக்கு இன்றே போய்ச் சொல்லுங்கள். பிள்ளை இன்னும் பாங்காக்கில்தான் இருக்கிறான் என்றால் காரில் ஏற வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பாங்காக் இந்தியத் தூதரகத்தையோ, 1155 என்ற சுற்றுலாப் போலீஸ் எண்ணையோ அவனே அழைக்கட்டும்.